பெட்டியின் அடியில் நாற்பத்தேழு

ஜனவரி 9

தங்கச்சிக்கு,

செப்டம்பரில் நீ வாசலில் நின்று கத்திவிட்டுப் போனதற்கு அப்புறம் உனக்கு ஒரு வரி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளை வளர்க்க என்ன தெரியும் என்று கேட்டாய். எதிர்வீட்டு டீச்சரம்மா வரைக்கும் அது கேட்டது. நான் மறக்கவில்லை. ஆனால் இப்போது வீம்பு பிடிக்க நேரமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

போனில் சொல்லித் தொலைக்கலாமே என்பாய். போன் எந்நேரமும் உன் மகள் கையில். பேசினால் கதவுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். மெசேஜ் அனுப்பினால் உனக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள். அதனால்தான் தபால்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் எடை போட்டிருக்கிறார்கள். சிட்டு என்னிடம் மூச்சு விடவில்லை. நேற்று ஒரு கோட்டுக்குப் பட்டன் தேடி டப்பாவைக் கவிழ்த்தேன். அடியில் நாலாக மடித்த ஒரு காகிதம். வயது பன்னிரண்டு, எடை எழுபத்தெட்டு கிலோ, 'உடல் பருமன், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்' என்று போட்டிருந்தது. தெருவில் எவனாவது அவளைக் குண்டு என்றால் கத்தரிக்கோலோடு போய் நிற்கிறவள் நான். அச்சடித்த காகிதத்தோடு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

இன்னொன்றும் இருக்கிறது. அவள் பின்கழுத்து கறுத்துக் கிடக்கிறது. அழுக்கு என்று நினைத்து மூன்று மாதமாகப் பாத்திரம் தேய்க்கிற நாரால் தேய்க்கிறேன். முந்தாநாள் தோல் உரிந்து ரத்தம் வந்துவிட்டது. "விடு பெரியம்மா, அது போகாது" என்றாள். அழக்கூட இல்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். வகுப்பில் தூங்கி விழுகிறாளாம்.

எட்டாம் மாதத்திலேயே ஒன்றரைக் கிலோவாகப் பிறந்தவள். உள்ளங்கையில் அடங்குகிறாளே என்று சிட்டு என்று கூப்பிட்டது நீதான். அவள் அப்பா போய்ச் சேர்ந்து, நீ வேலைக்கு வெளிநாடு கிளம்பியபோதும் எலும்பும் தோலுமாகத்தான் அவளை என் கையில் கொடுத்தாய். ஒரு வாய் வாங்க வைக்க நான் ஆடாத ஆட்டமில்லை. பிள்ளை இளைத்துவிடக் கூடாது, அந்த ஒரு பயம்தான் எனக்கு இத்தனை வருஷமும். இப்படி ஒரு பயம் இருப்பது எனக்குத் தெரியாது.

பிள்ளை உன்னுடையது. கூட்டிப் போகட்டுமா?

அக்கா

*

ஜனவரி 24

அக்கா,

கூட்டிப் போகட்டுமா என்று நீ கேட்டு, அது கடல் தாண்டி எனக்கு வந்து, நான் சரி என்று எழுதி, அது திரும்பக் கடல் தாண்டி உனக்கு வரவேண்டுமா? இதைப் படிக்கும்போது இன்னும் போகாமல் இருந்தால் தையல் மெஷினை மூடிவிட்டு இப்போதே கிளம்பு.

செப்டம்பரில் நான் சொன்ன அந்த வார்த்தை தப்பு. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நான் கத்தினதற்குக் காரணம் இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லவில்லை. பஸ் நிலையத்தில் நீ டீ வாங்கப் போயிருந்தாய். நான் இரண்டு கையிலும் பெட்டியோடு இறங்கி என் மகளைத் தேடினேன். ஒரு பெரிய பெண் சிரித்துக்கொண்டே என் எதிரில் வந்தாள். நான் அவளைத் தாண்டிப் போனேன், அக்கா. நாலு வருஷம் கழித்து வந்து, பெற்ற மகளைத் தாண்டிப் போனேன். திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. அந்தக் கோபத்தைத்தான் உன் வாசலில் கொட்டினேன்.

இனிமேல் இரண்டாவது தடவை சோறு போடாதே. 'இன்னும் கொஞ்சம்' என்கிற வார்த்தையே உன் வாயில் வரக்கூடாது. எங்கள் சூப்பர்வைசரின் மனைவி ஒரு பவுடர் குடித்து இரண்டே மாதத்தில் பாதியாகிவிட்டாளாம். ஒரு டின் அனுப்புகிறேன். காலையில் ஒரு கரண்டி தண்ணீரில் கலந்து கொடு. பசியே எடுக்காதாம்.

இந்த மாதத்து பிஸ்கட் பெட்டி எட்டும் அதே பார்சலில் வருகிறது. திட்டாதே. எங்கள் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தருவது, எப்போதும் அனுப்புவதுதானே. பிள்ளைக்கு வெறும் மருந்தை மட்டும் எப்படி அனுப்புவேன்? கையை வீசிக்கொண்டு போகிற வழக்கம் எனக்கு என்றைக்கும் கிடையாது. ஒரு நாளைக்கு இரண்டு மட்டும் கொடு.

தங்கை

*

பிப்ரவரி 13

தங்கச்சி,

உன் கடிதம் வருவதற்கு முன்பே கூட்டிப் போய்விட்டேன். உன்னைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு என்ன பைத்தியமா?

பஸ் நிலையத்து விஷயத்தைப் படித்து ரொம்ப நேரம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நான் டீ வாங்கப் போயிருக்கக் கூடாது.

குழந்தைகள் டாக்டர் சின்ன வயசுப் பெண். அவள் அறைக்கு வெளியே பெஞ்சில் நம் சிட்டு மாதிரியே பதினொரு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன. எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் என்னைப் போலவே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய மனுஷி. உள்ளே போனதும் அதைத்தான் சொன்னேன். "எல்லா நாட்டுலயும் இதே பெஞ்சுதாம்மா இப்போ. என்கூடப் படிச்சவங்க எங்கெங்கேயோ இருக்காங்க, எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்றாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஊர் உலகத்துக்கே வந்திருக்கிறது என்றால் இன்னும்தான் பயம்.

சர்க்கரை வந்துவிட்டது. பன்னிரண்டு வயதில். ஈரலிலும் கொழுப்பு. கழுத்தில் இருப்பது அழுக்கே இல்லையாம், உள்ளே சர்க்கரை கெட்டுப்போவதற்குத் தோல் காட்டுகிற அடையாளமாம். அதைத்தான் நான் நார் போட்டுத் தேய்த்திருக்கிறேன். இப்படியே விட்டால் கல்யாண வயசுக்குள் கண்ணும் சிறுநீரகமும் போகலாம் என்றாள். சிட்டு அப்போது சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காத மாதிரி நடித்தாள்.

"எப்பத்துல இருந்து எடை ஏற ஆரம்பிச்சுது?" என்று டாக்டர் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" தையல் என்றேன். "அப்போ உங்ககிட்ட அளவு இருக்குமே!" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து அளவு நோட்டைப் பிரித்தேன். இந்தத் தெருவில் எல்லாருடைய இடுப்பும் அதில் இருக்கிறது, தபால்காரர் உட்பட. சிட்டுவுக்கு ஒரு பக்கம் இல்லை. நான் அவள்மேல் ஒருநாளும் டேப் வைத்ததில்லை. வீட்டுப் பிள்ளைதானே என்று பழைய சீருடையை அளவுச் சட்டையாக வைத்து, வளர்கிற பிள்ளை என்று அதில் அரை இஞ்ச் கூட்டி வெட்டுவேன். அடுத்த தடவை அந்தப் புதுச் சட்டையே அளவு, அதில் ஒரு அரை இஞ்ச். நடுவில் இறுக்கினால் பிரித்துவிடுவேன். கடையில் வாங்கியிருந்தால் ஒருநாள் "இந்த சைஸ் இல்லை" என்றாவது சொல்லியிருப்பான். என் வீட்டில் எல்லா சைஸும் இருந்தது. துணி மூட்டையில் இருந்த பழைய சீருடை ஆறையும் வெட்டுகிற மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தேன். மேலே இருந்தது எட்டு வயசுச் சட்டை. சுற்றிலும் மற்றதெல்லாம் வெளியே தெரிந்தது. என் கத்தரிக்கோலுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

என் தப்பைச் சொல்லிவிட்டேன். இப்போது உன்னுடையதைக் கேள். இன்று அவள் கட்டிலுக்கு அடியில் பெருக்கினேன். ஒரு செருப்புப் பெட்டி. உள்ளே உன் தொழிற்சாலைச் சீட்டுகள், பிஸ்கட் பெட்டியின் அடியில் போட்டிருக்குமே, அடுக்கியவர் எண் என்று, அந்தச் சீட்டு. முப்பத்தொரு சீட்டு. எல்லாவற்றிலும் நாற்பத்தேழு. மூடிக்கு உள்பக்கம் நீ போன புதிதில் அவளுக்கு எழுதின கார்டை ஒட்டி வைத்திருக்கிறாள். நீ மறந்திருப்பாய், அப்படியே எழுதுகிறேன்: 'சிட்டுக்குட்டி, பெட்டியின் அடியில் 47 என்று இருந்தால் அது அம்மா கையால் அடுக்கினது. கொட்டிப் பார்க்கக் கூடாது! கொட்டினால் அம்மா ஓடிப் போய்விடுவேன். ஒவ்வொன்றாகத் தின்று முடித்தால்தான் அம்மா தெரிவேன்.'

அவளைக் கேட்டேன். "எட்டுப் பெட்டியில எதுல இருக்கும்னு தெரியாதே பெரியம்மா. அதான் எல்லாத்தையும் முடிப்பேன்" என்றாள். பசித்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். சில மாதம் எட்டிலும் உன் எண் இருக்காதாம்.

பவுடரை பீரோவில் பூட்டிவிட்டேன். டாக்டரைக் கேட்காமல் தரமாட்டேன். நீ பெட்டி அனுப்புவதை நிறுத்து.

அக்கா

*

பிப்ரவரி 27

அக்கா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். அதன்பிறகு என்ன வேலை செய்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அந்தக் கார்டை நான் மறக்கவில்லை. அப்போது நீ எழுதியிருந்தாய், ஒரு வாய் வாங்க ஒரு மணி நேரம் ஆகிறது, நீ போனதிலிருந்து எதுவுமே தின்ன மாட்டேன் என்கிறாள் என்று. எப்படியாவது சாப்பிடட்டும் என்று ஒரு விளையாட்டு கட்டினேன். அது நடக்கிறது என்று நீ எழுதியபோது எனக்குப் பெருமை. அந்த விளையாட்டை நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. செப்டம்பரில் அவளைப் பார்த்த பிறகும் தோன்றவில்லை.

இன்னும் கேள். இதை எழுதக் கை வரவில்லை. இரண்டு வருஷமாக நான் அடுக்குகிற மேஜையில் இல்லை. மணிக்கட்டு வீங்கிப்போய் வேகம் குறைந்தது, தட்டு கழுவுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எண் அந்த இடத்துக்குத்தான், நாற்பத்தேழு இப்போது வேறு ஒருத்தி. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நீயும் தெருவெல்லாம் தங்கச்சி பிஸ்கட் கம்பெனியில் இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய், நான் தட்டு கழுவுகிறேன் என்று எப்படி எழுதுவேன்? அவள் முப்பத்தொரு சீட்டு வைத்திருக்கிறாள் என்றால் அதில் பாதி நான் தொடவே இல்லாத பெட்டி.

உன் காலில் விழுகிறேன், அவளிடம் இதைச் சொல்லாதே. நானே ஒருநாள் நேரில் சொல்வேன். இதைப் படித்ததும் கிழித்து அடுப்பில் போடு.

பவுடர் விஷயம் நேற்று போனில் சொன்னேன். "பூட்டித்தானே வச்சிருக்கேன், ஏன் கத்தறே?" என்றாய். பூட்டினால் போதாது, கொட்டிவிடு. சூப்பர்வைசரின் மனைவி நெஞ்சு படபடப்பில் மயங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். என் மகளுக்கு நானே அதை வாங்கி அனுப்பினேன்.

தங்கை

*

மார்ச் 12

மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் வைத்து எழுதுவதால் கோணல்மாணலாக இருக்கும்.

நேற்று போனில் உன்னிடம் மயக்கம், இப்போது பரவாயில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் பக்கத்தில் படுத்திருந்தாள், வேறு என்ன சொல்ல முடியும்? நடந்ததை எழுதுகிறேன்.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்திருக்கிறது. நான் ஒரு கோட்டைக் கொடுக்கப் போயிருந்தேன். தபால்காரர் அவள் கையில் கொடுத்துவிட்டார். பிரித்துப் படித்துவிட்டு, திரும்ப ஒட்டி மெஷின்மேல் வைத்திருக்கிறாள். நானும் ஒன்றும் தெரியாமல் பிரித்துப் படித்து, நீ சொன்னபடி அடுப்பில் போட்டேன். உறை ஈரமாக இருந்தது, மழை என்று நினைத்தேன். அன்றைக்கு மழையே இல்லை.

அதிலிருந்து நாலு நாள் அவள் சாப்பிடவில்லை. தட்டு காலியாகத்தான் வந்தது, டாக்டர் சொன்ன அளவு சரியாகப் போகிறது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். சோறு எல்லாம் வெட்டுத்துணி மூட்டையில் கிடந்தது. பவுடரை நான் கொட்டவில்லை. கைவேலை முடியட்டும், நாளைக்குக் கொட்டலாம் என்று விட்டேன். பீரோ சாவி மெஷினுக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்கும், அது அவளுக்குத் தெரியாதா? டின்னில் பாதி இல்லை.

நேற்றுக் காலை பள்ளிக்கூடத்து மாடிப்படியில் விழுந்துவிட்டாள். ஆள் அனுப்பினார்கள். நான் போனபோது உதடெல்லாம் வெளுத்து, நெஞ்சு துணிக்கு மேலேயே அடிப்பது தெரிந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அதில் ஒரு பையன் சிரித்தான். என் உயிர் என்னிடம் இல்லை. இல்லாவிட்டால் அவன் பல் அவனிடம் இருந்திருக்காது.

பிழைத்துவிட்டாள். நாடித்துடிப்பு இறங்கிவிட்டது. இன்னும் இரண்டு நாள் பார்க்கவேண்டும் என்கிறார்கள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கண் விழித்ததும் முதலில் என்ன கேட்டாள் தெரியுமா? "பெரியம்மா, நாப்பத்தேழு யாரு?" என்றாள். அவள் போர்வையைச் சரிசெய்தேன். "அப்போ இவ்வளவு நாள் நான் யாரோடதைத் தின்னேன்?" என்றாள்.

நீ வா. வேலை போனாலும் போகட்டும், வா.

அக்கா

*

மார்ச் 23

அக்கா,

தினமும் கூப்பிடுகிறேன். நீதான் எடுக்கிறாய். பின்னால் அவள் இருமுவது கேட்கிறது, ஆனால் பேச வரமாட்டேன் என்கிறாள். அந்த இருமலைக் கேட்பதற்காகவே மறுபடி கூப்பிடுகிறேன்.

வேலையை விட்டுவிட்டேன். ஏப்ரல் பதினெட்டு அங்கே வந்து சேருவேன். நம் ஊரில் எதையாவது கழுவிப் பிழைத்துக்கொள்கிறேன், அதைச் சொல்ல இனி எனக்கு வெட்கமில்லை.

நாற்பத்தேழு யார் என்று கேட்டாளே, அவளிடம் போனேன். இவ்வளவு நாளில் நான் அவளோடு பேசினதே இல்லை, என் இடத்தைப் பிடித்துக்கொண்டவள் என்று உள்ளே ஒரு எரிச்சல். சாப்பாட்டு அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த அரைகுறை மொழியில் சொன்னேன். அவள் போனை எடுத்து ஒரு படம் காட்டினாள். அவள் மகன், ஒன்பது வயது. சட்டை பட்டன் போட முடியாமல் நிற்கிறான். அவளும் மாதம் தவறாமல் பெட்டி அனுப்புகிறாள். அதைப் பார்த்து இன்னொருத்தி தன் போனை எடுத்தாள், அப்புறம் இன்னொருத்தி. மேஜையைச் சுற்றி ஏழு பேர், ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு நாடு. அதில் ஐந்து பிள்ளைகள் சிட்டு மாதிரி. நான் ஒவ்வொரு படத்திலும் கழுத்தைத்தான் பார்த்தேன். மணி அடித்ததும் எல்லாரும் எழுந்து மறுபடி பிஸ்கட் அடுக்கப் போய்விட்டார்கள்.

சிட்டுவிடம் சொல், நாற்பத்தேழும் ஒரு அம்மாதான் என்று. அது அவளுக்கு ஆறுதலா, இன்னும் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பெட்டி காலியாகத் திறந்து வைத்திருக்கிறேன். என்ன போடுவது என்று புரியவில்லை. பிஸ்கட் இல்லை, சத்தியமாக இல்லை. ஒரு நல்ல சட்டை வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். அந்தப் பெண் என்ன அளவு என்றாள். பெற்ற மகளின் அளவு எனக்குத் தெரியவில்லை, திரும்பி வந்துவிட்டேன். அவளையே கேட்டு எழுது, என்ன வேண்டும் என்று. அம்மாவே வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது. அப்படிச் சொன்னால் அதையும் மறைக்காமல் எழுது.

தங்கை

*

ஏப்ரல் 4

தங்கச்சி,

வீட்டுக்கு வந்துவிட்டோம். சாயங்காலம் இரண்டு பேரும் நடக்கிறோம். எனக்குத்தான் முதலில் மூச்சு வாங்குகிறது, அவள் நின்று காத்திருக்கிறாள். மாத்திரை போடுகிறாள். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கொஞ்சம்தான், ஆட்டம் போடாதே. பட்டினி இனி கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு இப்போது அவள் அதிகம் சாப்பிட்டாலும் பயம், தட்டில் மிச்சம் வைத்தாலும் பயம். தினமும் வெட்டுத்துணி மூட்டையைக் கிளறிப் பார்க்கிறேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். "இனிமே அதுல போடமாட்டேன் பெரியம்மா" என்றாள். நம்புகிறேன். இருந்தாலும் கிளறுகிறேன்.

நேற்று மதியம் துணி கொடுக்க யாரும் வரவில்லை. அவளாக வந்து மேஜைக்கு முன்னால் நின்று, கையை விரித்துக்கொண்டு, "எனக்கு அளவு எடு" என்றாள். டேப்பைப் போட்டேன். மார்பு, இடுப்பு, தோள், கை. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். நோட்டில் தபால்காரருக்கு அடுத்த பக்கத்தில் எழுதினேன். பெயர் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் சிரிக்கிறார்களாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சிட்டுன்னே எழுது. அவங்க சிரிச்சா சிரிக்கட்டும்" என்றாள். என் கண்ணில் நீர் வந்து எழுத்து கலைந்துவிட்டது, மறுபடி எழுதினேன்.

நாற்பத்தேழின் மகனைப் பற்றிச் சொன்னேன். ராத்திரி சாப்பிடும்போது, "அந்தப் பையன் கழுத்தும் கறுப்பா இருக்கா?" என்றாள். இருக்கும் என்றேன். "தேய்க்க வேணாம்னு அவங்கம்மாகிட்ட அம்மாவைச் சொல்லச் சொல்லு" என்றாள். மறக்காமல் சொல்லிவிடு.

அந்த முப்பத்தொரு சீட்டையும் அவள் தூக்கிப் போடவில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.

கடைசியாக உன் கேள்வியைக் கேட்டேன். அம்மா வருகிறாள், உனக்கு என்ன கொண்டுவரட்டும் என்று. வெகுநேரம் பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். நீ எழுதினாயே, அந்தப் பதிலைத்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கையை வீசிக்கிட்டு வரச் சொல்லு" என்றாள்.

என்னடி இது, வெளிநாட்டிலிருந்து வருகிறவளைப் போய் யாராவது அப்படிச் சொல்வார்களா என்று கேட்டேன். "போன தடவை ரெண்டு கையிலயும் பெட்டி இருந்துச்சு பெரியம்மா. அம்மா என்னைத் தாண்டிப் போனப்போ கையைப் பிடிச்சு நிறுத்தப் பாத்தேன். பிடிக்க இடமில்ல."

பதினெட்டாம் தேதி பஸ் நிலையத்தில் நிற்போம். டீ வாங்க நான் போகமாட்டேன். நீ கையை வீசிக்கொண்டு வா.

அக்கா